வண்டு எழுதிய பரீட்சை

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, வண்டுவின் புதுச் சட்டையில் கழுத்துக்குப் பின்னால் தைத்திருந்த துணிச் சீட்டைப் பிரித்தெடுத்தேன். நூல் நுனி மிச்சம் இருந்தால்கூட அழுவாள். பிறகு அவளை எழுப்பி டாக்டரிடம் கூட்டிப் போனேன். இவர் மூன்றாவது டாக்டர்.

வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்காருகிறாள் என்று எழுதியிருந்தேனே. பள்ளியில் அவளுக்கென்று ஒரு உதவி ஆசிரியை போடுவார்களாம். அதற்கு, அவளுக்கு என்னவென்று டாக்டர் எழுதித் தர வேண்டும். மாதக் கடைசிக்குள் தராவிட்டால் வேறு பள்ளி பார்க்கச் சொல்கிறார்கள்.

டாக்டர் கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாள். அவர் சிரித்தார். "குழந்தை நல்லாத்தாம்மா இருக்கா. நீங்க கொஞ்சம் தூங்குங்க."

எதற்கும் இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். திரும்பும்போது பேருந்தில் என் கையைக் கடித்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

உங்கள் டீச்சரம்மா

ஜூன் 10

என் டீச்சரம்மாவுக்கு,

டாக்டரே சொன்ன பிறகும் ஏன் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை போனில் என்ன சமத்தாகப் பேசினாள்! "அப்பா, சாப்டீங்களா? கிரேன்ல பாத்து ஏறுங்க." மறுநாள் துறைமுகத்தில் கிரேன் கேபினில் தனியாக உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே இருந்த பையன் வயர்லெஸ்ஸில் கத்தினான்: "அண்ணே, கச்சேரிய நிறுத்திட்டு பெட்டிய இறக்குங்க!"

எந்நேரமும் ரீங்காரம் போடுவாள் என்றுதானே வண்டு என்று கூப்பிட ஆரம்பித்தேன். இப்போது போனில் அந்தச் சத்தமே இல்லை. எட்டு வயசில் வளர்ந்துவிட்டாள் போல.

உன் கிரேன்காரன்

ஜூன் 17

அன்புள்ள உங்களுக்கு,

வளரவில்லை. நான்தான் நிறுத்த வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னது நான் சிலேட்டில் எழுதிக் காட்டியது. அத்தனை உயரத்தில் வேலை பார்க்கிறவர் கலங்கக் கூடாது என்று தொடங்கினேன்.

டாக்டர்களிடமும் அதேதான். டாக்டர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று முன்பே விசாரித்து நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறை போகும் முன்பும் ஒரு வாரம் பழக்கினேன். "அவர் முகத்தப் பாரு. கைய மடியில வை. சத்தம் வரக் கூடாது." பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பியவள். என் பெண் தடுமாறுவதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்? மூன்று டாக்டரிடமும் பாஸ் பண்ணிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொள்கிறாள். அதைப் பார்க்க என்னை விட்டால் ஆள் இல்லை.

நாளை மறுபடி டாக்டர். இன்று மாலை அவளே நோட்டைக் கொண்டுவந்தாள்.

"அம்மா, படிக்கலியா?"

"வேண்டாம் கண்ணு."

கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள், பழக்கியபடி.

நாளை நோட்டு வராது. அவள் மேசைக்கு அடியில் போனால் போகட்டும். இழுத்து உட்கார வைக்க மாட்டேன். இதுவரை பதில் சொன்னது நான்தான் என்று டாக்டரிடம் சொல்லப்போகிறேன். இது யாருக்கும் தெரியாது. உங்களுக்கும்தான், எல்லாம் முடிந்த பிறகே இதைத் தபாலில் போடுவேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் சிலேட்டும் இருக்காது. அவள் பேசவில்லை என்று போனை வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் ரீங்காரம் கேட்கும்.

வண்டுவின் அம்மா