உன் மாமா சொல்லாத பெயர்

மைசூர்,
ஆனி மாதம், 1996

அன்புள்ள மகள் பூங்குழலிக்கு அம்மா நாச்சம்மாள் எழுதுவது. டேராடூனில் நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பு சுகம், மனசைப் பற்றி மட்டும் விசாரிக்காதே. இருமல் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய், மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டு ராத்திரியில் பால் குடி, பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றாதே. அப்பாவுக்கு மில் வேலை முடிந்ததில் இருந்து பொழுது போகவில்லை, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதே உத்தியோகமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பசம்மா ரசபூரி மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள், மகள் எப்போது வருகிறாள் என்று கேட்டாள், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோபம் ஆறின பிறகு எழுது என்று அப்பா சொல்கிறார். பங்குனியில் இருந்து ஆறும் ஆறும் என்றுதான் பார்த்தேன், ஆறவில்லை. மாதப்பன் மாமா மேல் காட்டுக்குத் தீ வைத்ததாகப் போட்ட கேஸ் ஆடி மாதம் கொள்ளேகால் கோர்ட்டுக்கு வருகிறது. நல்ல வக்கீலாகப் பாருங்கள், காட்டிலாகாவில் சர்க்கார் வேலையில் இருப்பதால் நான் இதில் தலையிட முடியாது என்று நீ எழுதிவிட்டாய். என் வயிற்றில் பிறந்தவள்தான் எழுதினாளா என்று திருப்பித் திருப்பிப் படித்தேன். யார் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாய் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா உனக்கு?

போன வருஷம் தையில் நீ எதற்கு வந்தாய்? காட்டுத் தீயைத் தடுக்க சர்க்கார் புதிதாகத் திட்டம் போடுகிறது, மலையோரத்து ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும் என்று வந்தாய். மார்டள்ளிக்குப் பக்கத்தில் என் பிறந்த ஊருக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, காக்கியைக் கண்டு அவர்கள் பட்டது கொஞ்சமா நஞ்சமா. அப்போது மாரியம்மன் கோயிலில், தட்டில் எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, என் மகளால் இந்த ஊருக்குக் கெடுதல் வராது என்று நான் சத்தியம் செய்தேன், நீ பக்கத்தில்தான் நின்றாய். அதற்கு அப்புறம்தான் மாமா உன்னை மலைக்குக் கூட்டிப் போனார். புல் பாதி பச்சையாக இருக்கும்போதே ஓரமாகப் பட்டை பட்டையாகக் கொளுத்தி, பச்சைத் தழையால் அடித்து அணைத்துக்கொண்டே போவது, கோடையில் பெரிய தீ வந்தால் அந்தக் கருகின பட்டையோடு நின்றுபோவது, எல்லாம் காட்டினார். வெளியாள் யாருக்கும் காட்டாத சுனைப் பாறை வரைக்கும் காட்டினார். நீயும் தழை ஒடித்து அடித்தாய், முடியெல்லாம் சாம்பலாக வந்து உட்கார்ந்து, இனிமேல் சர்க்காரே கூலி கொடுத்து உங்களை வைத்து இதைச் செய்யும் மாமா என்று சொன்னாய். மல்லம்மா அத்தை சந்தோஷத்தில் உனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

பிறகு திட்டம் வந்தது. ரேஞ்சரோடு ஆட்கள் வந்தார்கள், ஊரில் யாரையும் வழி கேட்கவில்லை, நேராகச் சுனைப் பாறைக்கு ஏறிப் போய் அங்கே போர்டு நட்டார்கள். இனி யாரும் நெருப்பு வைக்கக் கூடாது, ஆடு ஏறக் கூடாது, மீறினால் கேஸ் என்று சொன்னார்கள். வழி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மாமாவுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இந்தத் தையில் பயந்துபோய் ஒருத்தரும் கொளுத்தவில்லை. பங்குனியில் எங்கிருந்தோ பெரிய தீ வந்தது, தடுத்து நிறுத்தப் பட்டை இல்லை, மூங்கில் காடு மொத்தமும் எரிந்து போய்விட்டது. யார் வைத்ததோ மாரியம்மனுக்குத்தான் தெரியும். பிடித்துக்கொண்டு போனது மாமாவை, வருஷா வருஷம் தீ வைக்கிற ஆள் என்று. இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறார். ஆட்டுப்பட்டி காலியாகக் கிடக்கிறது.

காட்டைக் காப்பாற்ற வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அது அவர்களுக்கும் சோறு போடுகிற காடுதானே. எஸ்டிடி பூத்தில் இருந்து நான் கூப்பிட்டபோது, நான் சரியாத்தான் எழுதினேன், மேல இருக்கறவங்க மாத்திட்டாங்கம்மா என்றாய். சரி, மாற்றினார்கள். மாற்றினபோது ஏன் சார் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நீ எழுதிக் கொடுத்ததில் பாறை இருக்கும் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மாமா சொன்ன மீதி எல்லாவற்றையும் அடித்துவிட்டார்களே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மாதானே இருந்தாய். எனக்கு வயிறு எரிகிறது பூங்குழலி.

போன வாரம் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும், என்னைப் பார்த்த பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோயிலில் பூசாரி திருநீறு கொடுத்தார், கற்பூரத் தட்டை மட்டும் எனக்குக் காட்டாமல் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார். நான் அந்த ஊரில் பிறந்தவள். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

மறுநாள் மாமாவோடு கொள்ளேகாலில் வக்கீலைப் பார்க்கப் போனேன். நீங்கள் தையில் கொளுத்துவது தீயைத் தடுக்கத்தான் என்று கண்ணால் பார்த்த சர்க்கார் ஆள் யாராவது உண்டா, அப்படி ஒருத்தர் வந்து சொன்னால் கேஸ் நிற்காது என்று வக்கீல் கேட்டார். மாமா கொஞ்சமும் யோசிக்காமல் யாரும் இல்லை என்றார். வெளியே இழுத்துக்கொண்டு வந்து, அண்ணா, இப்படிச் சொன்னால் எப்படி என்று சண்டை பிடித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும். "அந்தப் பேச்சை எடுக்காத நாச்சா. அம்மிணி பொழப்புல மண்ணு உழுந்துரும்."

நீ காட்டிக் கொடுத்த மனுஷன் உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்கிறார். ஜெயிலுக்குப் போனாலும் போவார், உன் பெயரைச் சொல்ல மாட்டார். அதனால் நான் சொல்லிவிட்டேன். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் உள்ளே போய் உன் பெயர், உத்தியோகம், டேராடூன் ஆபீஸ் விலாசம் எல்லாம் வக்கீலிடம் கொடுத்தேன். கோர்ட்டில் இருந்து சம்மன் வரும். எந்த எதிராளி வேலை இது என்று அங்கே இங்கே தேடாதே, உன் அம்மாதான். மாமாவுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் என்னோடு பேச மாட்டார், பேசாவிட்டால் போகட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாரியம்மன் உனக்கு நல்ல புத்தியும் திடமான நாக்கும் கொடுக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இரு. ஆடியில் ரயிலில் கூட்டமாக இருக்கும், டிக்கெட்டை இப்போதே எடுத்து வைத்துக்கொள்.

கற்பூரம் அணைத்த கையால் எழுதும்
உன் அம்மா,
நாச்சம்மாள்