மூண்டு எண்டு கத்தினது நான்தான்

மே 7, 2007. திங்கள்

மழை. வேலையால வர ஆறரை. பிரிட்ஜுக்கு மேல அந்தப் பேப்பர் இன்னும் கிடக்கு. மகள் தாரணிக்குக் கோடை முழுக்க ஃபுட்போல் (உதைக்கிறது இல்லை, முட்டைப் பந்தைக் கையால எறியிறது) பயிற்சியாம், தகப்பன் கையெழுத்து வேணுமாம். நான் கெமிஸ்ட்ரி டியூசன் கதைச்சு வைச்சிருக்கிறன். பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன முட்டைப் பந்து?

மனிசி: "ஒருக்கால் போய்ப் பாருங்கோ. பேந்து வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

சனி அவளின்ர பள்ளிக்கூடத்துக்கு அரையிறுதி. சரி, போறன். பார்த்திட்டு வேண்டாம் எண்டு சொல்லுறன்.

மே 9. புதன்

மழை விட்டிட்டுது. இரவு புட்டும் மீன்குழம்பும். அணியில தாரணிதான் குவார்ட்டர்பேக்காம். அது என்ன வேலை எண்டு கேட்டன். கரண்டியளை மேசையில அடுக்கிக் காட்டினாள். உப்புப் போத்தல்தான் இவள். எனக்கு விளங்கினது:

- பந்து முதல் இவளின்ர கைக்குத்தான் வரும். ஆருக்கு எறியிறது எண்டு கண்மூடித் திறக்க முதல் முடிவெடுக்கோணும்.
- எறியப்போற ஆளையே பார்க்கக்கூடாது. மற்றப் பக்கம் பிடிச்சிடும்.
- பிழைச்சா முகத்தில காட்டக்கூடாது. (எங்கட பரம்பரையில இல்லாத குணம்.)
- இடிக்கிறது இல்லை. ஆளை மறிக்க இடுப்பில தொங்கிற பட்டியை உருவினாச் சரி. மனிசிக்கு நிம்மதி.

எதிர்ப் பக்கத்துக்கு விளங்கக்கூடாதெண்டு எண்ணிறது தமிழிலயாம்! இவள் "மூண்டு" எண்டாத்தான் முன்னுக்கு நிக்கிற ஜூலி பந்தைக் குடுப்பாள், எல்லாரும் ஓடுவினம். ஜூலி பிரெஞ்சுப் பிள்ளை. போனில "ஒண்டு, ரெண்டு, மூண்டு" சொல்லிக் காட்டினாள். சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. உள்ளுக்க ஒரு புளுகம், பெருமை. வெளியில காட்டேல்லை.

மே 12. சனி

வெயில். ஆனா குளிர்காத்து. கர்க்லாண்ட் மைதானம். காரால இறங்கேக்க தாரணி: "அப்பா, சத்தம் போடக்கூடாது." கோயில்ல அரோகரா போடுற தொண்டை என்ரது. ஓம் எண்டன்.

கடைசி ரெண்டு நிமிசம். நாலு புள்ளி பின்னுக்கு. புள்ளி எடுக்கிற கோடு கிட்ட. "ஒண்டு... ரெண்டு..." எண்டு இழுக்கிறாள், இழுக்கிறாள். எனக்கு ஏலாமப் போச்சு. "மூண்டு!" எண்டு கத்திப்போட்டன்.

எங்கட பிள்ளையள் ரெண்டு பேர் பந்து வர முதலே பாய்ஞ்சிட்டினம். விசில். தண்டமா அஞ்சு யார் தூரம் பின்னுக்கு.

மைதானமே திரும்பிப் பார்த்தது. மனிசி நாலடி தள்ளிப் போய் ஆரோ எவரோ மாதிரி நிண்டா. வெக்கம் பிடுங்கித் திண்டுது. தாரணி மட்டும் என்ர பக்கம் பார்க்கவே இல்லை. பிள்ளையளை வட்டமாக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரிச்சினம்.

திரும்ப வரிசை. "ஒண்டு, ரெண்டு, மூண்டு!" தாரணிதான் கத்தினாள், அச்சொட்டா என்ர தொண்டை! அந்தச் சொல்லுக்கு ஓடோணும் எண்டு என்னட்டத்தானே எதிர்ப் பக்கம் படிச்சது. பந்து அசைய முதலே தங்கட வரிசையைத் தாண்டிப் பாய்ஞ்சினம். எங்கட பிள்ளையள் ஒருத்தரும் அசையேல்லை. விசில். போன அஞ்சு யார் திரும்பி வந்திட்டுது! வட்டத்துக்க நிண்டு "இனி நாலு" எண்டு மாத்திப்போட்டாள், கள்ளி.

அடுத்தது வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் எறிஞ்சாள். கோட்டுக்கு அங்கால ஜூலியின்ர கையில பந்து. ஆறு புள்ளி, ஆட்டம் வெண்டாச்சு. கத்தினன். இனிக் கத்தலாம்தானே.

காரில: "பிள்ளை, அப்பாவில கோவமோ?"

"கோவிக்க எங்கயப்பா நேரம்? அடுத்த பந்து எறியோணுமே."

நானெண்டா ஒரு கிழமை கோவிச்சிருப்பன்.

மே 13. ஞாயிறு

முருகன் கோயில். நாலு பேருக்குச் சொன்னன். மனிசி சொல்லுறா பதினாலாம். ஒரு அண்ணை: "பெட்டை டொக்டருக்குப் படிக்கேல்லையோ?"

"அவள் குவார்ட்டர்பேக், அண்ணை."

முழிச்சார். உப்புப் போத்தல் இல்லாம எப்பிடி விளங்கப்படுத்திறது?

வந்த கையோட பேப்பரில கையெழுத்து. டியூசன் வாத்தியாருக்குப் போன் எடுக்கோணும். பால், வெங்காயம்.

வாற சனி இறுதியாட்டம். நானும் வரட்டோ எண்டு கேட்டன்.

"வாங்கோப்பா. நாலு எண்டு மட்டும் கத்தாதேங்கோ."