மீன் தின்னும் நத்தையின் பல்

இன்று காலை கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து நத்தைகளோடு தெர்மாகோல் பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் கல்லூரி ஆய்வகம் முழுக்கக் கடல் வாடை. மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். நீ போன பிறகு வரும் முதல் பெட்டி இது.

ஒரே நாளில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். கடலே இல்லாத திண்டுக்கல்லில் உட்கார்ந்து கடல் நத்தைகளின் வாயை அறுத்துப் பார்ப்பதுதான் உன் பைத்தியம். பாசி சுரண்டும் நத்தைக்கு நாக்கில் தேங்காய்த் துருவி போலப் பல்வரிசை. கூம்பு நத்தைக்கோ ஒவ்வொரு பல்லும் தனி ஊசி, உள்ளே விஷம். "ஓடு பொய் சொல்லும்டி. பல்லப் பாத்துத்தான் இனம் பிரிக்கணும்" என்பாய்.

போன பெட்டியில் வந்த கூம்பு நத்தையின் ஓடு தேய்ந்து வரிகள் மங்கியிருந்தன. ஆளைக் கொல்வது மீன் தின்னும் இனம். இது புழு தின்பது என்றாய் நீ, எனக்குச் சந்தேகம். தண்ணீர் நாறியிருந்தது, எதுவும் அசையவில்லை.

"செத்துப்போச்சு. அறுத்துப் பாத்துருவோம்."

எப்போதும் இடுக்கியால் எடுக்கும் நீ, கையால் எடுத்தாய்.

"ஸ்ஸ்... எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு."

தட்டில் வைத்த நத்தையின் முனைக்குள் நூல் போன்ற ஒன்று மெல்ல இழுபட்டது. இருவரும் பார்த்தோம். அது சாகவில்லை, உன்னைக் கொட்டிவிட்டது என்று இருவருக்கும் தெரியும்.

"உதடு மரத்துருச்சுடி" என்றாய், ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில். உன் குரல் நிதானமாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இதுக்கு மருந்து கெடையாது. மூச்சு நிக்காம மெஷின்ல வச்சிருந்தாப் போதும், வெசம் தானா எறங்கிரும். டாக்டர்ட்ட சொல்லு."

அதன்பின் உன் நாக்கு புரளவில்லை. இமைகள் தாமாகவே மூடிக்கொண்டன.

ஆஸ்பத்திரியில் பாம்புக் கடித் தடம் தேடினார்கள். "நத்தையா?" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மெஷின் காலியில்லை, மதுரைக்குப் போங்கள் என்று ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தா வந்துட்டோம்டி, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வாடிப்பட்டி தாண்டும்போது நர்ஸ் உன் நாடியைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வந்து அந்த நத்தையை அறுத்தேன். மைக்ராஸ்கோப்பில், பல்லின் நுனியில் தூண்டில் முள்ளைப் போல ஒரு கொக்கி. மீன் தின்னும் இனம்தான். சீட்டில் இனத்தின் பெயரை எழுதி, அடியில் உன் பெயரையும் எழுதி வைத்தேன்.

இந்த விஷம் உடம்பைத்தான் கட்டிப்போடும், கடைசிவரை காது கேட்டிருக்கும் என்றார் மதுரை டாக்டர். நான் "வந்துட்டோம்" என்று சொன்னதெல்லாம் உனக்குக் கேட்டிருக்கும். இப்போது என் கணவர் போனில் "வந்துட்டேன்" என்று சொன்னாலும், அவர் வாசலில் வந்து நிற்கும்வரை என்னால் உட்கார முடிவதில்லை.