கொழுந்து லொறியின் வேகம்

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெனிதாவுக்கு,

அப்பா யேசுரட்ணம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இருக்கிறேன். ஜப்பான் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டும். போனில் பேசினால் இரண்டு பேருமே அழுதுவிடுகிறோம், அதனால்தான் கடிதம்.

இங்கே மழை விடவில்லை. நம் லயத்து வீடுகளுக்குப் புதுக் கூரைத் தகரம் போட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் ரொட்டி சுட வரவில்லை, கருகியதைத் தின்று பழகிவிட்டேன்.

நீ அனுப்பிய கணக்கை எதிர்வீட்டு ஷாமிலா டீச்சர் வாசித்து விளக்கினாள். மூன்று கம்பனிகளின் எஞ்சின்களை எடுத்து, நம் மேட்டுப் பாதையில் எது சீக்கிரம் வேகம் பிடிக்கும் என்று கம்பியூட்டரில் ஓட்டிப் பார்த்திருக்கிறாயாம். மூன்றிலுமே அம்மா உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறாளாம். நம் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியில் மட்டும் வழியிலேயே போய்விடுகிறாளாம். கொழுந்துச் சாக்குகளை இறக்கிப் பாரத்தைக் குறைத்திருந்தால் அதிலும் பிழைத்திருப்பாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த மூன்று வண்டிகளைப் பற்றிக் கேட்டபோது ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு அம்மா இல்லாத அடுப்படியைப் பார்த்தேன்.

மகளே, சாக்குகளை இறக்கத்தான் போனோம். அம்மாதான் விடவில்லை. வெறும் பலகையில் படுத்தால் நெஞ்சு அதிரும், கொழுந்து மேலேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள். வண்டி வேகமெடுத்த போதெல்லாம் வலி தாங்காமல், மெதுவாகப் போகச் சொல்லுங்க என்று என் கையை இறுக்கினாள். நான் முன்பக்கம் தட்டினேன், லொறி ஓட்டிய ஆண்டியப்பன் வேகத்தைக் குறைத்தான். எந்தக் கம்பனி எஞ்சினாக இருந்தாலும் அப்படித்தான் ஓட்டியிருப்பான். உன் கணக்கில் பாதை இருக்கிறது, பாரம் இருக்கிறது, அவள் வலி இல்லை.

எனக்கு உன்மேல் கோபமும் உண்டு. லொறியின் கியர், பாரம் எல்லாம் நீ போனில் விசாரித்தபோது, நம்ம பாப்பா எஞ்சினியராயிருச்சு என்று ஆண்டியப்பன் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஷாமிலா வாசித்தபோது அவனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். மறுநாளே லொறிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டான். சாப்பாடும் சரியில்லை. உன்மேல் பிழையில்லை என்று நான் எவ்வளவு சொன்னாலும், பாப்பா படிச்சுப்புட்டுத்தானே சொல்லுது என்கிறான். நீ பேசினால்தான் கேட்பான். அவனுக்கு ஒரு போன் போடு, தாயி.

உன்னையும் நீ வதைத்துக்கொள்ளாதே. நீ பக்கத்தில் இல்லையே என்று அம்மா ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. ஆண்டவர் உனக்குத் துணையிருப்பார். இனிமேல் லொறியைப் பற்றி எதுவும் கேட்காதே. அம்மாவைப் பற்றிக் கேள், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்கிறேன். இங்கே யாரும் கேட்பதில்லை.

உன் அப்பா,
யேசுரட்ணம்