பூட்டில் வைத்த சந்தனம்

கிளிவெட்டி,
07.01.2025

தர்சிகாவின் அப்பாவுக்கு,

அம்மாளின் துணையால் நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தை நேற்றுத்தான் போனில் கேட்டேன். ஆனாலும் கடிதம் என்று எழுதும்போது அதைக் கேட்காமல் தொடங்க மனம் வரவில்லை. நெஞ்சுச் சளிக்கு மருந்து எடுத்தீர்களா?

நாள்தோறும் கதைக்கிறோமே, இதென்ன புதுப் பழக்கம் என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டில் நான் போனில் கதைப்பது உங்களுக்கும் எனக்கும் இடையில் மட்டும் நிற்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உங்களோடு வேலை செய்யும் கிண்ணியா முனாஸ் லீவு முடிந்து இருபதாம் திகதி டோகாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிட்டால் ஒட்டிய உறை ஒட்டியபடியே உங்களிடம் வந்துசேரும்.

முதலில் ஊர்ப் புதினம். வயல் கதிர் தள்ளிவிட்டது. பன்றிதான் பெரிய கரைச்சல். மேற்குப் பக்கத்தில் அரை ஏக்கர் அளவுக்கு உழக்கிப் போட்டிருக்கிறது. கார்த்திகை மழைக்குப் பள்ளிக்கூடத்து ஒழுங்கையில் இருந்த மதகு உடைந்து, இன்னும் ஒருவரும் திருத்தவில்லை. பிள்ளையும் நானும் இப்போது நம் வயலின் கிழக்கு வரம்பால்தான் பள்ளிக்கூடம் போகிறோம். தர்சிகா எனக்கு முன்னால் ஓடுவாள். இதை ஏன் சொல்லவில்லை என்று ஏசாதீர்கள். பாம்பு, பூச்சி என்று அங்கிருந்து கவலைப்படுவீர்கள் என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.

அபூதாஹிர் நானாவுக்கு வெடி பட்டதை அன்றைக்கே சொன்னேன். அதை முழுதாக எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை, ஆறு மணி இருக்கும். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சத்தம். பிறகு மனிதக் குரல். கிழக்கு வரம்பில் யாரோ பன்றிக்கென்று கட்டுத்துவக்கு கட்டியிருக்கிறார்கள். கயிறு இழுபட, எருமைக் கன்றைத் தேடி வந்த நானாவின் இடது காலில் வெடித்திருக்கிறது. பத்து வருசமாக நமக்குத் தயிர் தருகிற மனிதர். பொலிஸ் வந்து நைலோன் கயிற்றையும் இரண்டு கட்டைகளையும் எடுத்துப் போனது. துவக்கு மட்டும் இல்லை. கட்டியவன் பொலிஸ் வருமுன்பே கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

நானாவைத் தூக்கி உழவு இயந்திரத்தில் போட்டு மூதூருக்குக் கொண்டு போனவர் உங்கள் தம்பி மதுசன். ஊரெல்லாம் அவரைப் புகழ்கிறது. எனக்கு மட்டும் ஒரு கேள்வி. எட்டு மணி வரை முன்னறையில் போர்த்துக்கொண்டு படுக்கிற மனிதர், சத்தம் கேட்டவுடன் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று எப்படி அறிந்தார்? நான் வாசலுக்கு வருமுன் அவர் வரம்பில் நின்றார்.

நான் சந்தேகப் பிராணிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதையும் கேளுங்கள். நம் துவக்கு இருக்கிற அலுமாரியின் ஆமைப்பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று உங்களோடு டோகாவில். மற்றது குளிக்கும்போது வாய்க்காலில் விழுந்துவிட்டது என்று சொன்னீர்கள். பூட்டை இங்கே விட்டுவிட்டுச் சாவியைக் கடல் கடந்து கொண்டுபோன ஆள் நீங்கள் என்று நான் எத்தனை தரம் சிரித்திருப்பேன்! வெள்ளிக்கிழமைகளில் அலுமாரிக்குச் சந்தனம் வைப்பேன் அல்லவா? நீங்கள் போனதிலிருந்து அந்தப் பூட்டுக்கும் வைக்கிறேன், சாவித் துவாரம் அடைபடும்படியாக. பக்தி பாதி, புத்தி பாதி.

வெடி பட்ட அன்று பார்த்தால் பூட்டில் பழைய சந்தனம் இல்லை. நான் புதிதாக வைத்தேன். சனிக்கிழமை போனில் உங்களுக்கு மட்டும் அதைச் சொன்னேன். எலி தட்டியிருக்கும் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலால் வந்து பார்த்தபோது சந்தனம் இருந்தது. ஆனால் அது என் சந்தனம் அல்ல. நான் கல்லில் உரைப்பது வெளிறின நிறம். இது கடைப் பெட்டியில் வருகிற மஞ்சள் தூள். அலுமாரிக் கதவு இடுக்கில் மூக்கை வைத்தால் பட்டாசு கொளுத்தின வாடை.

துவக்கை எடுத்த ஆள்தான் திரும்ப வைத்திருக்கிறார். நான் சந்தனம் வைப்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்களைத் தவிர வேறொருவருக்கும் அதை நான் சொல்லவில்லை. ஆகவே மதுசன் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கிறார். அதற்கு முன்பும் அப்படித்தான். நான் உங்களோடு கதைத்தது அடுத்த நாள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கிராம சேவகரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். துவக்குக்காரர் வெளிநாடு போவதென்றால் பொலிஸில் ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டுமாம். நீங்கள் செய்யவில்லை. செய்தீர்களா என்று ஒருவரும் வந்து பார்க்கவும் இல்லை. நம் பசுவுக்குக் காதில் இலக்கம் குத்தி, கட்டின இடம் வரை வந்து எழுதிக்கொண்டு போகிறார்கள். துவக்குக்கு வருசத்துக்கொருக்கா லைசன்ஸில் ஒரு முத்திரை, அதோடு சரி. அது எங்கே தூங்குகிறது, சாவி யாரிடம், பிள்ளை இருக்கிற வீடா என்று கேட்க ஒரு சட்டம் வந்தால் முதல் ஆளாக நான் கதவைத் திறந்துவிடுவேன்.

போகும் முன் தர்சிகாவின் தலையில் கைவைத்து, துவக்கு அலுமாரியை விட்டு வெளியே வராது என்று சத்தியம் செய்தீர்கள். உங்கள் சத்தியத்தை உங்கள் தம்பி உடைத்துவிட்டார். என்ன செய்வதென்று சொல்லுங்கள். அவரோடு மட்டும் இதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவேண்டாம்.

உங்கள் சோபனா

கிளிவெட்டி,
16.01.2025

தர்சிகாவின் அப்பாவுக்கு,

முதல் கடிதத்தை முனாஸிடம் இன்னும் கொடுக்கவில்லை. கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இரண்டும் ஒரே உறையில் வரட்டும். நான் யாரைச் சந்தேகித்தேன், யாரை விட்டுவிட்டேன் என்று நீங்களே வாசித்துப் பார்க்க வேண்டும்.

பொங்கலுக்கு மறுநாள் திருகோணமலைக்குப் போனேன், பெரியாஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிற நானாவைப் பார்க்க. பொங்கல் புக்கை கொஞ்சமும் கதலிப்பழமும் கொண்டுபோனேன். பஸ்ஸில் முழு வழியும் மதுசனை எப்படி மடக்குவது என்றுதான் யோசனை. வார்ட் யன்னலால் கடல் தெரிகிறது. நானாவின் மனைவி ஸுல்பிகா கதிரையை எனக்கு விட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். காலை எடுக்கவேண்டி வராதாம். ஆனால் முழங்கால் இனி மடங்காதாம். எருமைக்குப் பின்னால் ஓடுகிற மனிதருக்கு அது என்ன ஆறுதல்?

நானா என்னைக் கண்டதும் உங்களைத்தான் விசாரித்தார். “தம்பி அங்க இருந்தும் எங்கட நெனைப்புத்தான் தங்கச்சி. முந்தின சனிக்கிழமை போன் எடுத்து, நானா, கொஞ்ச நாளைக்குக் கிழக்கு வரம்பால வராதீங்க எண்டு சொன்னவர். நான்தான் கேக்கல்ல. எருமைக் கண்டு ஓடினா நம்மளும் ஓடத்தானே வேணும்” என்றார். சொல்லிவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஸுல்பிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொலிஸுக்கு இதை அவர் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். கொண்டுபோன புக்கையைக் கொடுக்கக் கை கூசியது.

டோகாவில் இருக்கிறவருக்குக் கிளிவெட்டி வரம்பில் ஆபத்து இருப்பது எப்படித் தெரியும்? திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மதுசன் ஒட்டுக் கேட்கவில்லை. சந்தனக் கதையை அவருக்குச் சொன்னது நீங்கள். நான் கதைத்ததெல்லாம் அடுத்த நாள் அவருக்குத் தெரிந்திருந்ததும் அப்படித்தான். வீட்டுக்குள்ளேயே காவலிருந்தேன், கள்ளனுக்கு நானே போன் எடுத்துச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

வந்தவுடன் மதுசனை முற்றத்தில் நிறுத்தி, நானா எனக்குச் சொன்னதைச் சொன்னேன். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வாய்க்காலில் விழுந்த சாவிக்குத் துருகூட இல்லை. பின்னேரத்தில் துவக்கைக் கட்டுவாராம், விடியுமுன் கழற்றி நீர்ப்பம்பிக் கொட்டிலில் ஒளிப்பாராம். மேற்குப் பக்கம் அழிந்ததற்குக் கிழக்கையாவது காப்பாற்று என்று அண்ணன்தான் சொன்னவர் என்றார். “நான் ஒருநாளும் பிந்தினதில்லை அண்ணி, அண்டைக்கு மட்டும்தான் காய்ச்சலில அயர்ந்துபோனன்” என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன், ஆனால் அவருக்காக அல்ல.

அவர் அயர்ந்துபோன அன்று பள்ளிக்கூட நாள். நானா ஆறு மணிக்கு அந்த வழியால் வராவிட்டால், ஆறே முக்காலுக்கு அந்த வரம்பில் முதலில் போகிறவள் தர்சிகா. எனக்கு முன்னால் ஓடுவாள் என்று எழுதினேன் அல்லவா? நானாவுக்கு முழங்காலில் பட்டது. நம் பிள்ளையின் உயரத்துக்கு அது எங்கே படும் என்று நீங்களே யோசியுங்கள், நான் எழுதமாட்டேன். மதகு உடைந்ததை உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என் பிழை. துவக்கை எடுத்ததை எனக்குச் சொல்லாமல் விட்டது உங்கள் பிழை. நானாவுக்குப் போன் எடுத்த உங்களுக்கு, எனக்கு ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லையே! சொன்னால் நான் விடமாட்டேன் என்று தெரியும், அதுதானே?

இன்று காலை துவக்கு, மிச்சத் தோட்டா, லைசன்ஸ் எல்லாவற்றையும் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மதுசனும் வந்தார். தான் செய்ததை வாக்குமூலமாகக் கொடுத்திருக்கிறார், வழக்கு வரும். பன்றி மிச்ச வயலையும் தின்றால் தின்னட்டும். பொலிஸ்காரர் ஒருவர் எழுதிக்கொண்டே, இவ்வளவு நாளும் இது எங்கே இருந்தது என்று கேட்டார். பூட்டித்தான் இருந்தது என்று நான் சொன்னேன்.

உங்கள் பங்கை மதுசனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்ற என்று நினைக்கவேண்டாம். அதை இன்னொருவர் வாயால் நானா கேட்கக் கூடாது. உங்களிடம் இருக்கிற சாவியை அங்கேயே எறிந்துவிடுங்கள். அலுமாரிக் கதவை நான் திறந்தே விட்டிருக்கிறேன்.

தர்சிகா சுகமாக, இரண்டு காலாலும் ஓடித் திரிகிறாள். அம்மாள் அவளைக் காத்ததுபோல் உங்களையும் அங்கே காக்கட்டும். இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்கவேண்டாம். முதலில் நானாவுக்கு எடுங்கள். அவருடைய நம்பர் உங்களிடம் இருக்கிறதென்று இப்போது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தர்சிகாவின் அம்மா