உங்களை வண்டியிலிருந்து இறக்கிய மாப்பிள்ளை எழுதுவது

என்றும் என் மரியாதைக்குரிய தங்கவேலு மச்சானுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. உங்கள் நலத்தைக் கெடுத்தவன் நான்தான் என்று என் மனம் சொல்கிறது. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மாரடைப்பையும் வேலை போனதையும் முடிச்சுப் போடாதீர்கள் என்றார். உங்கள் தங்கை சரசுவும் நேற்றுவரை ஒரு குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

குன்னூரில் மழை விட்டபாடில்லை. உங்கள் வீட்டில் அக்கா நன்றாக இருக்கிறார். சமையல்கட்டில் ஒழுகிய இடத்தில் போன ஞாயிற்றுக்கிழமை நானே ஏறித் தகரம் மாற்றினேன். டீ போட்டுக் கொடுத்தார். முகம் பார்த்துப் பேசவில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை.

இருபது வருஷம் விமானப்படையில் ஹெலிகாப்டர் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிவிட்டு, நாற்பது வயதில் பெட்டி படுக்கையோடு ஊர் வந்து சேர்ந்தவன் நான். வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்குத் தெரிந்த வேலைக்கு இந்த மலையில் பெயரே இல்லையென்று. டீ ஃபாக்டரியில் இலை உருட்டும் ரோலர் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பட்டாளத்து ஆள்தானே, பாங்கு வாசலில் துப்பாக்கியோடு நிற்கலாமே என்றார்கள். ஸ்பேனர் பிடித்த கை இது என்று சொன்னால் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் பஸ் ஓட்டிய பள்ளிக்கூடத்தில் மேனேஜர் முன்னால் போய் நின்று, எங்கள் மாப்பிள்ளை ஏரோப்ளேனையே ரிப்பேர் செய்தவர், நம் பஸ்களைப் பார்க்க மாட்டாரா என்று வாதாடி, எனக்கு வண்டிப் பொறுப்பாளர் வேலையை வாங்கிக் கொடுத்தீர்கள். ஹெலிகாப்டர் வேறு, ஏரோப்ளேன் வேறு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! உங்களுக்கு மேலே போவதெல்லாம் ஏரோப்ளேன்தான்.

வந்த புதிதில் நான் அடித்த கூத்துக்கு உங்களைத் தவிர யார் பொறுத்திருப்பார்கள்? ஷெட்டில் பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தையே பெயிண்டில் வரைந்து மாட்டினேன். ஒருநாள் ஒரு ஸ்பேனர் குறைந்தது. அது கிடைக்கிறவரை எந்த வண்டியும் நகரக் கூடாது என்று கேட்டைச் சாத்தினேன். ஹெலிகாப்டருக்குள் ஒரு ஸ்பேனர் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று அறிந்தவன் வேறென்ன செய்வான்? கடைசியில் அது டிரைவர் சேவியரின் ஸ்வெட்டர் பையில் இருந்தது. பிள்ளைகள் நனைந்துகொண்டு நின்றார்கள், டிரைவர்கள் என்னைத் திட்டினார்கள். நீங்கள் என்னைத் தனியே அழைத்துப்போய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தீர்கள்.

"ஏனுங்க மாப்ள, உங்க வண்டி நின்னா கீழ உழுந்துரும். எங்க வண்டி நின்னா எறங்கித் தள்ளிக்குவோமுங்க. கொஞ்சம் நெகிழ்ந்து போங்க."

நான் நெகிழவில்லை, மச்சான்.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பழுது பார்த்து முடித்த ஹெலிகாப்டர் முதல்முறை மேலே போகும்போது, அதில் கைவைத்தவனும் ஏறிப் போக வேண்டும். தான் பூட்டிய மரையை நம்பித் தானே பறக்க வேண்டும். அதையும் இங்கே கொண்டுவந்தேன். எந்த வண்டிக்கு பிரேக் வேலை பார்த்தாலும் முதல் நடைக்கு நானும் போவேன். அப்படித்தான் அன்று சாயங்காலம் உங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தேன். காட்டேரி ஊர்ப் பக்கம் நல்ல மூடுபனி. பிரேக் அருமையாகப் பிடித்தது. ஆனால் ஒரு வளைவில் இடதுபுறத்து எஸ்டேட் பாதையிலிருந்து ஒரு ஜீப் இறங்கியது. எனக்குத் தெரிந்தது. உங்களுக்குத் தெரியவில்லை. அவன் ஹாரன் அடித்த பிறகுதான் உங்கள் கால் பிரேக்குக்குப் போனது.

பிறகு வழிநெடுக உங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். சாலையைக் கண்ணால் பார்த்து ஓட்டவில்லை நீங்கள். மனப்பாடமாக ஓட்டினீர்கள். எந்தத் திருப்பத்தில் எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது, எதிர் வண்டியைக் காது சொன்னது. உங்களுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். கண்வரை வந்துவிட்டது என்று அன்றுதான் புரிந்தது. வண்டி நிறையப் பிள்ளைகள்.

மறுநாள் காலை நேராக மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஹெலிகாப்டரில் சந்தேகம் வந்தால் மேலதிகாரியிடம் சொல்வோம், அதைப் பறக்காமல் நிறுத்துவோம். ஹெலிகாப்டரிடம் கேட்டுக்கொண்டா சொல்வோம்? அந்தப் புத்தியோடு போய் நின்றேன். அது மனுஷன், அதுவும் என் மச்சான் என்பது ஏன் உறைக்கவில்லை?

ஒன்று சொல்ல வேண்டும். இது சமாதானம் இல்லை, நடந்தது இது. படையில் நிறுத்தி வைப்பது தண்டனை இல்லை. நிறுத்திய ஹெலிகாப்டர் சரியாகி மறுபடி பறக்கும். உடம்பு சரியில்லாத ஆளை நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் ஸ்டோரிலோ ஆபீஸிலோ உட்கார வைப்பார்கள். சம்பளம் அதுபாட்டுக்கு வரும். வெளி உலகமும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேன். உங்களுக்குக் கண் வைத்தியம் நடக்கும், அதுவரை கேட்டிலோ ஷெட்டிலோ ஒரு வேலை கொடுப்பார்கள் என்று நம்பினேன். மேனேஜர் எழுந்து என் கையைக் குலுக்கினார். பட்டாளத்து ஒழுங்கு என்றால் இதுதான் என்று பாராட்டினார். நானும் பெருமையாக வெளியே வந்தேன். மத்தியானத்துக்குள் உங்கள் கணக்கை முடித்துவிட்டார்கள்.

நீங்கள் ஷெட்டுக்கு வந்தீர்கள். சண்டை போடுவீர்கள் என்று காத்திருந்தேன். சீட்டில் விரித்திருந்த துண்டை எடுத்து உதறி மடித்தீர்கள்.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க மாப்ள. எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. எங்கிட்ட மொதல்ல சொல்லியிருந்தா, நானே கேட்டு எறங்கியிருப்பனுங்க."

எனக்கு நாளைக்கே வேலை போனாலும் பென்ஷன் இருக்கிறது, வீட்டில் உலை கொதிக்கும். உங்களுக்கு அந்த ஸ்டியரிங்கை விட்டால் என்ன இருந்தது? கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட வந்தேன். இனி வண்டி ஓட்டவே கூடாது என்றார்கள். நான் சொன்னது சரி என்று ஊர்ஜிதமானது. அந்த நேரத்தில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்புறம் நீங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தீர்கள். பள்ளிக்கூட வண்டி கடக்கும் நேரத்துக்கு மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவீர்கள் என்று அக்கா சொன்னார். ஆடி முடிவதற்குள் போயே போய்விட்டீர்கள்.

உங்களைத் தூக்க நான் தோள் கொடுக்க வந்தபோது சேவியர் வழிவிடவில்லை. என் தோளுக்கு முன்னால் அவர் தோளைக் கொண்டுவந்து வைத்தார். யாரோ, விடப்பா, தங்கச்சி புருஷன், என்றார்கள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம்தான் சொல்ல முடியும். டிரைவர்கள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம், பிரேக் கொஞ்சம் தள்ளுது, ஹாரன் கம்முது என்று ஏதாவது சொல்வார்கள். இப்போது எல்லா வண்டியும் எப்போதும் நன்றாகவே இருக்கிறது. வண்டியைச் சொன்னால் ஆளைப் பார்ப்பான் என்ற பயம். போன மாதம் ஒரு வண்டியில் பிரேக் ஆயில் சொட்டியதை நானே தரையைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஓட்டியவருக்கு அது முன்பே தெரியும். பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்து உங்களை இறக்கினேன். அதே பிள்ளைகளுக்கு இன்னும் பெரிய ஆபத்தைத் தேடிக் கொடுத்துவிட்டேனோ, மச்சான்?

மேனேஜருக்கு இதெல்லாம் தெரியாது. தங்கவேலு மாதிரி வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்கிறார். உங்கள் பெயரை அவர் அப்படிச் சொல்லும்போது நான் அங்கே வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று ஒன்று நடந்தது. அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் சேவியர் ஷெட்டுக்குள் வந்தார். உங்கள் காரியத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர். இடது கை விரல்கள் அடிக்கடி மரத்துப் போகின்றனவாம். கியர் மாற்றும்போது கம்பியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லையாம். வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றார். மூத்த பெண் நர்சிங் படிக்கிறாள் என்றார். பிறகு, மேனேஜரிடம் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டார்.

சொல்லாமல் இருக்க முடியாது, மச்சான். வண்டியில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் நான் மாறவில்லை. நேற்றுச் சாயங்காலமும் இன்றும் அவரை லீவு போடச் சொன்னேன். நாளைக் காலை இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம் என்றேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்வரை என்னோடு ஷெட்டில் அவருக்கு வேலை. கை சரியானால் வண்டி, ஆகாவிட்டால் ஷெட்டிலேயே இருக்கட்டும். எனக்கு ஓர் ஆள் வேண்டும் என்பது உண்மைதான். அதற்கு மேனேஜர் ஒத்துக்கொள்கிறவரை நான் அந்த அறையைவிட்டு வரப் போவதில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஷெட் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நானும் சேவியரோடு வெளியே வருவேன்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது சரசுவிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றினாள். கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்:

"எங்கண்ணங்கூடவும் நீங்க இப்படிப் போயிருக்கலாமுங்க."

இத்தனை மாதத்தில் அவள் சொன்ன ஒரே சொல் இது.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், அது எனக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் வாக்காகத் தருகிறேன். இனி ஒரு மனுஷனைப் பற்றி அவன் இல்லாத அறையில் பேச மாட்டேன். நாளைக் காலை மேனேஜர் உங்கள் பெயரைச் சிரித்துக்கொண்டே சொன்னால், தங்கவேலு என் மச்சான், தப்பு என்னுடையது என்று அந்த இடத்திலேயே சொல்லுவேன்.

இப்படிக்கு,
உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டிய,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்