பத்தாவது பெயர்

11-6-56, திங்கள்

விடிந்ததிலிருந்து மேற்கே இருந்து கச்சான் காற்று. ஜன்னலைச் சாத்தியும் மேஜை மேல் மணல். நல்ல தண்ணீர் வண்டி வரவில்லை. உப்புத் தண்ணீரில் வடித்த சோறு, பாதியோடு எழுந்துவிட்டேன்.

பள்ளி திறந்தது. நாலாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, எனக்கு. இந்த வாரத்துக்குள் பிள்ளைகள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: பொதுக் கணக்கா, காம்போசிட் கணக்கா. இரண்டாவதில் அல்ஜிப்ரா, ஜியோமிதி எல்லாம் உண்டு; கஷ்டம். ஆனால் அது இல்லாமல் காலேஜில் சயன்ஸ், இஞ்சினீரிங் எதுவும் எடுக்க முடியாது. இங்கே இதுவரை காம்போசிட் வகுப்பே கிடையாது. நடத்த ஆள் இல்லையாம். இப்போது நான் இருக்கிறேன்.

ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். "பத்துப் பேர் சேர்ந்தா தொறக்கலாம் டீச்சர். வெள்ளிக்கிழமைக்குள்ள, பெற்றோர் கையெழுத்தோட. ஒண்ணு கொறஞ்சாலும் எல்லாரும் பொதுக் கணக்குத்தான்." சிரித்தார். சேராது என்கிற சிரிப்பு.

சேர்ப்பேன்.

வாங்க: மண்ணெண்ணெய், மை, தலைவலித் தைலம்.

12-6, செவ்வாய்

வகுப்பில் விளக்கிச் சொல்லி, விருப்பமுள்ளவர்களைக் கை தூக்கச் சொன்னேன். கடைசி பெஞ்சில் இருவர்: "ஏலே, நீ எடுத்தா நானும் எடுக்கேன்." "நீ மொதல்ல எடு." இப்படித்தான் தேர்வு நடக்கிறது.

சாயங்காலம் வீடு வீடாக. உப்பூரிலிருந்து வரும் ஒரு பையனின் தகப்பனார் வயலிலிருந்து அப்படியே வந்து நின்றார். "படிச்சா என்ன வேல கெடைக்கும்? அத மட்டும் சொல்லுங்க தாயி." பாலம் கட்டலாம், ரோடு போடலாம் என்றேன். "நிச்சயமா கெடைக்குமா?" நிச்சயம் என்று சொல்ல முடியாது, படிக்காவிட்டால் நிச்சயம் கிடைக்காது என்றேன். யோசித்தார். போட்டார் கையெழுத்து. பொய் சொல்லாமல் வாங்கியதில் ஒரு திருப்தி.

செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு வீடு.

13-6, புதன்

ஒன்பது பேர் ஆயிற்று. பத்தாவது சூசை என்று நம்பியிருந்தேன். காரங்காட்டு மீனவர் வீட்டுப் பையன். வகுப்பிலேயே கணக்கில் கெட்டி. அவன் வேண்டாம் என்கிறான்!

"எனக்கு வக்கீலாகணும் டீச்சர். சரித்திரத்துக்கு நேரம் வேணும். பொதுக் கணக்கு போதும்."

ஏன் வக்கீல் என்றேன்.

"வலை காயப்போடுற எடத்துக்காக எங்கய்யா கோர்ட்டுல நின்னாரு. வக்கீல் பேசுனது எங்க யாருக்கும் வெளங்கல. தோத்தமா ஜெயிச்சமான்னு வெளிய வந்து குமாஸ்தாதான் சொன்னாரு. தோத்துட்டோம்."

ஹெ.மா. காதுக்கும் போயிற்று. என்னைக் கூப்பிட்டு மெதுவாக: "வக்கீல் படிப்புக்கும் காம்போசிட் வேணும்னு சொல்லிருங்களேன். நம்புவான்."

உண்மையில் நம்புவான். நான் எது சொன்னாலும் நம்புவான். மத்தியானம் முழுக்க அதே நினைப்பு. அவன் ஒருவன் சேர்ந்தால் மற்ற ஒன்பது பேருக்கும் வழி. மணி அடித்ததும் அவனை வராந்தாவில் நிறுத்தினேன். நாக்கு நுனி வரை வந்தது.

"வக்கீலுக்கு இது தேவையில்லப்பா. நீ நெனச்சதையே எடு" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. என் பட்டியலில் பத்தாவது வரி காலி.

உப்பூர் அய்யாவிடம் எந்த முகத்தோடு போவேன்? இன்னும் இரண்டு நாள். விடப்போவதில்லை.

14-6, வியாழன்

வீட்டுக்கணக்கு நோட்டுகள் திருத்தும்போது ஆமினாவின் நோட்டு. நான் வகுப்பில் காட்டாத வழியில், சுருக்கமாக, சரியாக. வகுப்பில் ஒரே பெண். அவள் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. கூப்பிட்டு, "அன்னைக்கு நீ ஏன் கை தூக்கல?" என்றேன்.

"பையங்களப் பாத்துத்தான கேட்டீங்க டீச்சர்."

யோசித்துப் பார்த்தேன். ஆமாம்.

சாயங்காலம் அவள் வீடு. வாப்பாவுக்குக் கொழும்பில் கடை. உம்மாதான் இருந்தார். தேத்தண்ணீர், தொதல். இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு பேச வரவில்லை.

"அத்தன ஆம்பளப் புள்ளைகளோட எம்மவ ஒருத்தியா?"

"என் மேஜைக்குப் பக்கத்து பெஞ்சு அவளுக்கு. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க காலேஜுல எப்புடி?"

"கணக்கு வகுப்புல நானும் ஒருத்திதாம்மா."

"பயமா இல்லையாக்கும்?"

"மொதல்ல இருந்துச்சு. பரீட்சை மார்க் வந்தப்பறம் அவங்களுக்குத்தான் பயம்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அவ வாப்பா வரட்டும். கேட்டுச் சொல்றேன்." நாளைக்குள் வேண்டும் என்றேன். உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: "ஆமினா, ஒனக்கு வேணுமா?"

"வேணும் உம்மா."

பேனாவை வாங்கினார். வலமிருந்து இடமாக, அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறையில், தன் பெயரை எழுதினார். "எனக்கு இந்த எழுத்துத்தான் வரும் டீச்சர். அவ வாப்பாவுக்கு நானே கடுதாசி போட்டுச் சொல்லிக்கிறேன்."

15-6, வெள்ளி

ஹெ.மா. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன? கையெழுத்தா? தகப்பன்ல போடணும்?"

"பெற்றோர்னுதான் போட்டிருக்கு. தாய் பெற்றோர் இல்லையா சார்?"

"படிக்க முடியலையே."

"உங்க கையெழுத்தும் எனக்குப் படிக்க முடியல சார். ஆனா சர்க்குலர்னா செல்லுதே."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. குமாஸ்தா இருமலை அடக்கினார். போய்விடவில்லை, அங்கேயே நின்றேன்.

கடைசியில் எழுதினார்: வகுப்பு திறக்கலாம். "மூணு மாசப் பரீட்சையில பாதிப் பேர் தேறலைன்னா மூடிருவேன்" என்றும் சொன்னார். சொல்லட்டும்.

நன்றாகத் தூங்க வேண்டும்.

16-6, சனி

புது வார் வைத்துச் செருப்பு. அல்ஜிப்ரா பாடக்குறிப்பு நாலு நாளைக்கு. தலைவலி.

18-6, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியது. வகுப்புக்குத் தந்த இடம் பழைய தட்டுமுட்டு அறை. கரும்பலகை வெளுத்துச் சாம்பலாக இருக்கிறது. ஊமத்தை இலையும் கரியும் அரைத்துப் பூச வேண்டும். பெஞ்சு தூக்கி வந்தது சூசை. "தூக்குறதுக்கு காம்போசிட் வேணாமே டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

முதல் பாடம். உற்சாகத்தில் மளமளவென்று பலகையை நிரப்பிவிட்டேன். ஒன்பது பேரும் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து பெஞ்சிலிருந்து சின்னக் குரல்.

"டீச்சர், ரெண்டாவது வரி தப்பு."

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. சாக்பீஸை நீட்டினேன். ஆமினா எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்தாள்.